பல்லும் சொல்லும்: மூன்று வார லீவில் பல் கட்டிவிடலாமா?

நவம்பர் பிறந்துவிட்டால் திருச்சியில் எங்கள் கிளினிக் போனுக்கு வெளிநாட்டு எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கல்யாணம், குலதெய்வம் கோயில், நிலத்துப் பட்டா, அப்புறம் பல் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள், அதில் பல் எப்போதும் கடைசியில்தான் இருக்கும், கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதுதான் வந்து வாயைத் திறப்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் இதே விஷயம்தான் அதிகம். அதனால் வேறு எதையும் எடுக்காமல், பல் வைத்தியத்துக்காக நாடு விட்டு நாடு போவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லும் மேல்தாடையில் ஒன்றும் எடுத்தாகிவிட்டது. இங்கே இம்ப்ளான்ட், அதன் மேல் கேப் எல்லாம் சேர்த்து ஒரு பல்லுக்கு 4,800 டாலர் கேட்கிறார்கள். என் இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 1,500 டாலருக்கு மேல் தராது. டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் வருகிறேன். சென்னையில் ஒரு கிளினிக் "3 நாளில் நிரந்தரப் பல்" என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறது. ஆபீஸ் நண்பரோ மெக்சிகோவுக்குப் போய்வா என்கிறார். எதைச் செய்வது?
— வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: மூன்று வாரத்தில் முழு வேலையும் முடியாது. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ. வைத்த அன்று அது வெறும் இறுக்கத்தில்தான் நிற்கும், சுவரில் அடித்த ஆணி மாதிரி. அப்புறம் வாரக்கணக்கில் எலும்பு மெல்ல வளர்ந்து அந்த உலோகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க். 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் கருவி ஒன்றை வைத்தார், ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்போடு எலும்பாக இருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதே முறையில் பல் வைத்தார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது வருடம், அந்த ஸ்க்ரூக்கள் அவர் வாயில் வேலை செய்தன.

பிரோனெமார்க் காலத்தில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருப்பார்கள். இப்போது வரும் ஸ்க்ரூக்களின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்கிறார்கள், அதனால் எலும்பு சீக்கிரம் பிடிக்கிறது, நல்ல கெட்டியான எலும்பில் 2 மாதம்கூடப் போதும். ஆனால் மேல் கடைவாய்ப் பக்கத்து எலும்பு ரஸ்க் மாதிரி பொறுபொறு என்று இருக்கும். உங்களுக்கு அங்கே ஒரு பல் வேண்டும். அதற்கு 4 முதல் 6 மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் வளைகுடாவிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மேல் கடைவாயில் இம்ப்ளான்ட் வைத்தேன். ஆறாவது வாரம் வந்து, "டாக்டர், டிக்கெட் போட்டாச்சு, இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருவேன், எப்படியாவது பல்லை வெச்சு அனுப்பிருங்க" என்று கெஞ்சினார். எக்ஸ்ரேயில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை, மனம் இளகி கேப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு மாதத்தில் ஸ்க்ரூ கேப்போடு சேர்ந்து ஆடுகிறது என்று அங்கிருந்து போன் வந்தது. அதை எடுக்கவும் புண்ணைச் சுத்தம் செய்யவும் அவர் அங்கே கட்டிய பணம் நான் வாங்கியதைவிட அதிகம். நான் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் போன எலும்பை யாரும் திருப்பித் தர முடியாது. அதற்குப் பிறகு யார் டிக்கெட்டைக் காட்டினாலும் தேதியை மாற்றிக்கொள்வதில்லை.

சரி, "3 நாளில் பல்" என்பது முழுப் பொய்யா என்றால், இல்லை. வாய் முழுக்கப் பல் இல்லாதவர்களுக்கு நான்கைந்து ஸ்க்ரூ வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து, ஓரிரு நாளிலேயே தற்காலிகப் பல் வரிசை ஒன்றைப் பொருத்தி அனுப்பும் முறை இருக்கிறது, நானும் செய்கிறேன். அதிலும் நிரந்தர வரிசை சில மாதம் கழித்துத்தான். பேசல் இம்ப்ளான்ட் என்று அடியில் இருக்கும் கெட்டி எலும்பைப் பிடிக்கும் இன்னொரு வகையும் உண்டு, சென்னையில் அதிகம் விளம்பரமாவது அதுதான், எலும்பு மிகவும் தேய்ந்துபோன சிலருக்கு அதை யோசிக்கலாம். 41 வயதில், பக்கத்துப் பற்கள் நன்றாக இருக்கும்போது, தனித்தனியாக இரண்டு பல்லுக்கு நான் அதை வைக்க மாட்டேன்.

இனி மெக்சிகோ. உங்கள் நண்பர் சொன்னது அநேகமாக லாஸ் அல்கோடோனெஸ் என்ற சின்ன ஊராக இருக்கும். அரிசோனாவின் யூமாவுக்குப் பக்கத்தில், ஆண்ட்ரேட் எல்லைச் சாவடிக்கு அந்தப் புறம் இருக்கிறது. சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பல் டாக்டர்கள், அதனால் அமெரிக்கர்கள் அதைக் கடைவாய்ப் பல் நகரம் என்றே அழைக்கிறார்கள். காரை அமெரிக்கப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து எல்லையைத் தாண்டி, பல்லைக் காட்டிவிட்டு, மாலையில் நடந்தே திரும்பிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வயதானவர்கள் கூட்டம் அங்கே நிரம்பி வழியும், திரும்பி வரும் வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். ஃபீனிக்ஸிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம்.

எனக்குத் தெரிந்தவரை உங்கள் இடத்துக்கு அதுதான் பொருத்தம் என்று சொல்வேன். மூன்றாம் நாள் வீங்கினால் காரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம், நான்கு மாதம் கழித்துக் கேப் போடப் போகலாம், கேப் உயரமாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை போய்த் தேய்த்துக்கொண்டு வரலாம். இங்கே திருச்சியிலோ சென்னையிலோ கேப்போடு சேர்த்து ஒரு பல்லுக்கு 30,000 முதல் 60,000 ரூபாய்வரை ஆகும், மெக்சிகோவைவிடவும் குறைவுதான், ஆனால் இரண்டாவது முறை பல்லுக்காக மட்டும் வருவதென்றால் டிக்கெட்டும் லீவும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். அடுத்த வருடமும் அம்மா அப்பாவைப் பார்க்க எப்படியும் வருவேன் என்றால் கணக்கு மாறுகிறது. இந்த டிசம்பரில் வந்த முதல் வாரத்திலேயே, கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், ஸ்கேன் எடுத்து ஸ்க்ரூவை வையுங்கள். பத்து நாளில் தையல் பிரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், அடுத்த வரவில் பத்து நாளில் கேப் போட்டு முடித்துவிடலாம். ஸ்க்ரூ மேலே எதுவும் இல்லாமல் ஈறுக்கடியில் ஒரு வருடம் தூங்கினால் ஒன்றும் ஆகாது.

விசாவில் வேலை செய்பவர் என்றால் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா முத்திரை இன்னும் செல்லுமா என்று பார்த்துவிடுங்கள், திரும்பி உள்ளே வரப் பொதுவாக அது வேண்டும்.

எங்கே செய்தாலும் ஸ்க்ரூவின் கம்பெனி பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூடிரைவர் வேறு. ஸ்ட்ராமன், நோபெல் பயோகேர், ஆஸ்டெம் மாதிரி பல நாடுகளில் கிடைப்பதாக இருந்தால், பின்னால் கேப் தளரும்போது உங்கள் ஊர் டாக்டராலேயே முடுக்க முடியும். பெயர் தெரியாத ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்களுக்கு, என்னிடம் இருக்கும் டிரைவர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சேராமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. முன்பல் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், கொஞ்சம் மஞ்சள், வேறு குறை இல்லை. தோழிகள் துருக்கிக்குப் போய் ஐந்து நாளில் வெள்ளை வெளேரென்று பல்லோடு வந்துவிட்டார்கள் என்று இவளும் அன்டாலியாவில் 20 பல்லுக்குப் புக் செய்யப்போகிறாள். இங்கே என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) டாக்டர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது. தடுப்பதா, விடுவதா?
— வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: தடுங்கள் அம்மா. சண்டை போட்டாவது தடுங்கள்.

விளம்பரத்தில் "வெனீர்" என்று போட்டிருப்பார்கள். வெனீர் என்பது பல்லின் முன்பக்கம் அரை மில்லிமீட்டர் அளவு தேய்த்து ஒட்டும் மெல்லிய ஓடு. ஆனால் ஐந்து நாளில் 20 பல் என்று அனுப்பி வைப்பது பெரும்பாலும் கேப்தான். கேப் போடப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும், வெளியே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்குவரை போய்விடும். சீவிய பிறகு எப்படி இருக்கும் என்று மகளுக்குக் காட்ட வேண்டுமானால் வீட்டில் இருக்கும் ஒரு பென்சிலைச் சீவி, முனையைக் கொஞ்சம் மழுங்கடித்து அவள் கையில் கொடுங்கள். வாயில் அப்படி இருபது நிற்கும். எனாமல் திரும்ப முளைக்காது. நல்ல கேப் ஒன்று 10, 15 வருடம் வரும், 26 வயதுக்காரிக்கு வாழ்நாளில் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும், அதில் சிலவற்றில் நரம்பு செத்து ரூட் கேனால் வரை போகும். இருபது பல்லுக்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள்.

பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இதற்காகத் துருக்கி டாக்டர்களைப் பழிக்க மாட்டேன், அங்கே அருமையான கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், சென்னையிலும் இதே ஐந்து நாள் விளம்பரம் ஓடத்தான் செய்கிறது. நோயே இல்லாத பல்லைச் சீவுவது எந்த ஊரில் நடந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் மகளுக்கு வேண்டியது அநேகமாக ஒரு வருடம் கம்பி அல்லது அலைனர் என்ற கழற்றி மாட்டும் உறை, கடைசியில் பற்களை வெளுக்க வைக்கும் சிகிச்சை, எங்காவது ஓரம் உடைந்திருந்தால் பல் நிறத்தில் பூச்சு. மூன்றும் பல்லைச் சீவாதவை. அவள் பிடிவாதமாக இருந்தால் அந்தக் கிளினிக்குக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்: "ஒவ்வொரு பல்லிலும் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்?" எழுத்தில் பதில் தராவிட்டால் புக்கிங் தொகையை மறந்துவிட்டு வரட்டும்.

உங்களுக்கோ கணவருக்கோ உண்மையிலேயே பல் போய் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால் அது வேறு பேச்சு. ஹங்கேரியில் ஆஸ்திரிய எல்லையோரம் மோஷோன்மாஜரோவார் என்ற ஊர் பல் வைத்தியத்தாலேயே பெயர் பெற்றது, புடாபெஸ்டுக்கு லண்டனிலிருந்து இரண்டரை மணி நேர விமானம், திரும்பத் திரும்பப் போகக்கூடிய தூரம். சாதாரணக் கேப், பிரிட்ஜ், பல் செட் என்றால் என்எச்எஸ்ஸில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. 2025 ஏப்ரல் நிலவரப்படி இங்கிலாந்தில் இவற்றுக்கான மூன்றாம் நிலைக் கட்டணம் 326.70 பவுண்டு, ஒரே சிகிச்சைத் திட்டத்தில் வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. விமான டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும்.

கேள்வி: பல்லுக்கொதி தொடங்கி நாலு நாள். வாற கிழமை யாழ்ப்பாணம் போறன், அங்கை செலவு குறைவு எண்டபடியால் குளிசையைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாமோ?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: சமாளிக்காதீர்கள். நரம்பு அழுகி உள்ளே வாயு அடைத்திருக்கும் பல், விமானம் மேலே ஏறி அழுத்தம் குறையும்போது மோசமாக வலிக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளுக்கே இது பெரிய தொல்லையாக இருந்தது. கொழும்புவரை இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம், நடுவானில் வீங்கினால் விமானப் பணிப்பெண்ணிடம் ஐஸ் கட்டியைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

கனடாவிலேயே ஒரு அவசர அப்பாயின்ட்மென்ட் எடுத்து, பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டுப் போங்கள். அதற்கு முழு ரூட் கேனால் பணம் ஆகாது. மீதியையும் கேப்பையும் யாழ்ப்பாணத்தில் முடிக்கலாம். எக்ஸ்ரேயைப் போனில் வாங்கிக்கொள்ளுங்கள், பல் வேரின் எந்தக் கால்வாய்வரை சுத்தம் செய்தார்கள் என்று இரண்டு வரி எழுதியும் வாங்குங்கள், அங்கே பார்ப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இன்னொன்று: கனடா அரசின் பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? வேலை இடத்திலோ வேறு வழியிலோ பல் இன்ஷூரன்ஸ் கிடைக்காதவராகவும், குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழேயும், அங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்தவராகவும் இருந்தால், 2025-இலிருந்து எல்லா வயதினரும் விண்ணப்பிக்கலாம். இம்ப்ளான்ட் அதில் வராது. பல் எடுப்பது, அடைப்பது எல்லாம் வரும். எங்கள் வாசகர்களில் இதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் ஊருக்குப் போகும்வரை வலியைத் தாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, எங்களோடு சிங்கப்பூரில் இருக்கிறார். கீழே ஆறு பல் ஆடுகிறது. எடுத்துவிட்டு செட் வைக்க மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போவதா, திருச்சிக்கு அனுப்புவதா? சர்க்கரை உண்டு, எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறார்.
— வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த வார மாத்திரைதான் எனக்கு முக்கியம். அது அலெண்ட்ரோனேட் மாதிரி ஏதாவது என்றால், அதைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பல் எடுத்த குழி ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்துகொண்டு மாதக்கணக்கில் நிற்கும். மாத்திரைக்காரர்களுக்கு இது அபூர்வம், இதே வகை மருந்தைப் புற்றுநோய்க்காக ஊசியாகப் போடுகிறவர்களுக்குத்தான் அதிகம். ஆனாலும் பல் எடுக்கும் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அம்மா அதைச் சொல்ல மாட்டார். "வேற மாத்திரை ஏதாவது?" என்று கேட்டால் "சுகருக்கு மட்டும்" என்பார்கள், வாரம் ஒன்று போடுவது அவர்கள் கணக்கிலேயே வராது, என் அம்மாவும் அப்படித்தான். மாத்திரைப் பட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, அதிகமாக இருந்தால் குறைத்துக்கொண்டு பல் எடுக்கலாம்.

எங்கே என்றால், ஜோகூர் பாரு. செட் வைப்பது ஒரு நாள் வேலை மாதிரி தெரியும், ஆனால் அளவெடுப்பு, மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பது என்று நான்கைந்து முறை உட்கார வேண்டும், கொடுத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். புது செட் போட்ட மூன்றாம் நாள் வந்து, நாக்கால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி "இங்க குத்துது" என்பார்கள். ஈறில் கடுகு அளவு சிவப்பு தெரியும், செட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து நகம் அளவுக்குக்கூட இல்லாமல் ஒரு தேய் தேய்த்தால் முகம் மலர்ந்துவிடும். அதைத் தேய்க்க ஆள் இல்லாமல்தான் எத்தனையோ செட்டுகள் அலமாரியில் டம்ளர் தண்ணீரில் கிடக்கின்றன. உட்லண்ட்ஸிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஜோகூர், வாரநாளில் போய்வருவது பெரிய காரியமில்லை. திருச்சி என்றால் அம்மா மூன்று மாதமாவது இங்கே தங்க வேண்டும். அப்படித் தங்குவதாக இருந்தால் சந்தோஷமாக அனுப்புங்கள். பல் எடுத்த ஈறு பல மாதம் வற்றிக்கொண்டே போகும், அதனால் எங்கே வைத்தாலும் ஆறு மாதத்தில் ஒருமுறை உள்பக்கம் நிரப்பிச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அதற்கு முன் ஒன்று: அம்மா சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் அவருக்குச் சாஸ் என்ற அரசு மருத்துவ மானியக் கார்டில் செட்டுக்கு மானியம் உண்டா என்று வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். மானியம் போக வரும் வித்தியாசம் எல்லை தாண்டும் அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கேள்வி: ஊரில் பல் பார்க்கும்போது கிளினிக் சுத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: கேட்டுக் கோபித்துக்கொள்ளும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வாணியம்பாடியில் நடந்ததை நம் ஊர்ப் பல் டாக்டர்கள் யாரும் மறக்கக் கூடாது. 2023-இல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது, எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் சிஎம்சி உள்ளிட்ட இடங்களின் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போனபோது கிடைத்தது ஒரு சலைன் பாட்டில். ஒரு நோயாளிக்குத் திறந்து மிச்சமானதை, மூடியும் மூடாமலும் வைத்து அடுத்தவருக்கு ஊற்றியிருக்கிறார்கள், அதைத் திறக்கவும் வாய்க்குள் பயன்படுத்தும் கருவியையே பயன்படுத்தியிருக்கிறார்கள். பல் வலி என்று போனவர்கள் பிணமானார்கள். அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் கிளினிக் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தேன்.

ஆகவே நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது தரை பளபளக்கிறதா என்பதை இல்லை. கருவிகள் ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உள்ள சீல் வைத்த உறையில் வருகின்றனவா, உங்கள் கண் முன்னால் கிழிக்கிறார்களா என்று பாருங்கள். உறையின் மேல் ஒரு சின்ன அடையாளம் இருக்கும், ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் கருவியில் சூடு ஏறியிருந்தால் அதன் நிறம் மாறியிருக்கும், என்ன நிறம் ஆக வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டால் சொல்வார். அறுவை வேலை என்றால் சலைன் பாட்டிலைப் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள். அது ஐம்பது ரூபாய் சமாச்சாரம், தயங்காமல் கேளுங்கள். டாக்டர் பதிவு எண்ணும் படிப்பும் பலகையில் இருக்க வேண்டும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். அப்புறம், இன்று உங்களுக்கு வேலை செய்பவர் பலகையில் பெயர் இருப்பவர்தானா என்றும் கேளுங்கள். பெரிய கிளினிக்குகளில் பல நேரம் வேறு யாராவது வருவார்கள், அது தவறில்லை, பெயரையும் பதிவு எண்ணையும் பில்லில் எழுதித் தரட்டும்.

கேள்வி: "10 வருட வாரண்டி" கார்டு கொடுக்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், பாரிஸ்

பதில்: பெரும்பாலும் அது கேப்புக்கும் ஸ்க்ரூவுக்கும் உள்ள வாரண்டி, உங்கள் விமான டிக்கெட்டுக்கும் டாக்டரின் உழைப்புக்கும் இல்லை, பின்பக்கத்தைப் படியுங்கள். கார்டைவிட எனக்கு மதிப்பானது வேறு: ஸ்க்ரூ பெட்டியில் வரும் ஸ்டிக்கர், அதில் கம்பெனி, அளவு, தொகுப்பு எண் எல்லாம் இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, தொகை பிரித்து எழுதிய பில் ஆகியவையும் வேண்டும். தகராறு என்று வந்தால் 1995-லேயே உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது, ஆனால் பாரிஸிலிருந்து கொண்டு இங்கே வழக்கு நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை, காகிதம் இல்லாமல் நடக்கவே நடக்காது.

கேள்வி: சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம், 29 வயது. கம்பெனி கேம்ப்பில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு, இந்த முறை 20 நாள். கீழே இரண்டு பல் சொத்தை, ஒன்று பாதி உடைந்துவிட்டது, வாரத்தில் மூன்று நாள் வலி மாத்திரை போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். இங்கே பார்க்கக் கையில் காசு இல்லை. லீவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. 20 நாளில் எல்லாம் முடியுமா, எவ்வளவு ஆகும்?
— வாசகர், ஷார்ஜா

பதில்: தம்பி, 20 நாளில் நிறைய முடியும். வந்து இறங்கிய மறுநாளே, சாமான் பிரிப்பதற்கு முன்னால், பல்லுக்குப் போங்கள். புதுக்கோட்டையில் 2023-இலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். பல் எடுப்பது, அடைப்பது, ரூட் கேனால் எல்லாம் அங்கே பார்க்கிறார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், அதனால் நேரம் கூட ஆகும், வெளியில் கேட்கும் தொகையோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் செலவு குறையும். காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள், ஆதாரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், "எனக்கு 20 நாள்தான் லீவு" என்பதை முதல் டாக்டரிடமே சொல்லுங்கள், தேதிகளை நெருக்கித் தர முயற்சி செய்வார்கள்.

முதல் நாள் எக்ஸ்ரே. காப்பாற்றவே முடியாத பல் இருந்தால் அதை முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், குழி காய்ந்து வலி எடுக்கும் தொந்தரவு வந்தால் அது மூன்று நான்கு நாளில் வரும், அப்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் அந்த வாரம் தொடவே கூடாது. ரூட் கேனால் முதல் வாரத்தில் தொடங்கி இரண்டாம் வாரத்தில் முடிய வேண்டும், கேப்புக்கு அளவெடுத்து லேபிலிருந்து வர ஐந்தாறு நாள், மூன்றாம் வாரம் போட்டுவிட்டு, கிளம்ப இரண்டு மூன்று நாளாவது மிச்சம் இருக்கட்டும், அதில் சாப்பிட்டுப் பார்த்துக் கடி சரியா என்று சொல்லலாம். வெளியே தனியாரிடம் செய்தால் ரூட் கேனாலும் சாதாரணக் கேப்பும் சேர்த்து ஒரு பல்லுக்கு ஏழாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம்வரை வரும். எடுத்த பல்லுக்குப் பதில் இம்ப்ளான்ட் வேண்டாமா என்று யாராவது கேட்டால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அடுத்த லீவுக்கு ஸ்க்ரூ, அதற்கடுத்த லீவுக்குக் கேப் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

நான் பயப்படுவது அந்த ஐந்து வாரத்தை நினைத்துத்தான். வாரத்தில் மூன்று நாள் வலி மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில், வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு போட்டால் சிறுநீரகமும் வயிறும் சேர்ந்து கெடும். பார்மசியில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வீக்கத்தைச் சில நாள் அமுக்கும், பல்லுக்குள் இருக்கும் அழுகலைத் தொடாது. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டில் பல் இல்லை என்று சொல்லியிருப்பார்கள், ஆனாலும் வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் அது அவசர சிகிச்சை, சூப்பர்வைசரிடம் கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அங்கேயே பல்லை எடுத்துவிடுவதுதான் வழி என்றால் நண்பர்களிடம் கைமாற்று வாங்கியாவது எடுத்துவிடுங்கள், ஒரு பல் எடுக்கும் காசுக்காக உயிரோடு விளையாட வேண்டாம். தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, லீவு வரட்டும் என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழாய் அடைத்துவிடும். நடுராத்திரி என்றாலும் அறையில் இருப்பவர்களை எழுப்புங்கள், 998-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கேளுங்கள், பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.